ஐஎஸ்சி டிஎச்சிபியின் கடைசிப் பதிப்பும் அதற்குப் பிறகும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் நெறிமுறைதான் டிஎச்சிபி. 2022 அக்டோபர் 5 அன்று, இணைய மென்பொருள் எழுதும் ஐஎஸ்சி நிறுவனம் தன் டிஎச்சிபி மென்பொருளின் 4.4.3-பி1 பதிப்பை வெளியிட்டது. இரண்டு பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வந்த சின்னப் பதிப்பு. கூடவே ஓர் அறிவிப்பும் வந்தது: இனி இந்த மென்பொருளுக்கு வழக்கமான பராமரிப்பு இல்லை, நாங்களே புதிதாக எழுதிய கீயாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். முதல் பதிப்பு வந்தது 1997 டிசம்பரில். கிட்டத்தட்ட இருபத்தைந்து ஆண்டுகள் லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் டிஎச்சிபி சர்வர் என்றால் பெரும்பாலும் இதுதான்.

இதை நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் நிறுத்திய பிறகு பல இடங்களில் மாற்றம் இழுத்துக்கொண்டே போனது. புது சர்வர் சரியில்லை என்பதால் அல்ல. பழைய சர்வர் யாரும் கேட்காமலே செய்துவந்த சில வேலைகள் இருந்தன. அவற்றை நம்பித்தான் நெட்வொர்க் நிற்கிறது என்பது மாறும்போதுதான் தெரிந்தது. அந்த வேலைகள் என்னென்ன, ஏன் வந்தன என்பதைச் சற்று நெருக்கமாகப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

தொடக்கம்

1985இல் ஆர்எஃப்சி 951 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை) வழியாக வந்த பூட்பி நெறிமுறையில், ஒவ்வொரு கணினியின் ஹார்டுவேர் முகவரியையும் நிர்வாகி முன்கூட்டியே பட்டியலில் எழுதி வைத்திருக்க வேண்டும். நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்கும் கணினிகளுக்கு அது போதும். வந்து போகும் கணினிகளுக்கு அது ஒத்துவரவில்லை. முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுத்து, காலம் முடிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும் லீஸ் முறை தேவைப்பட்டது. பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டிராம்ஸ் முன்னின்று எழுதிய டிஎச்சிபி 1993இல் ஆர்எஃப்சி 1531 ஆக வந்தது. இன்றும் நாம் பின்பற்றும் ஆர்எஃப்சி 2131 வந்தது 1997 மார்ச்சில்.

சர்வரை எழுதியவர் டெட் லெமன், பால் விக்ஸியின் நிறுவனத்தோடு சேர்ந்து. முகவரி கேட்கும் கிளையன்ட் பாகத்தின் லினக்ஸ் வேலைகளில் ஸ்டான்ஃபோர்டின் மஸ்கிட்டோநெட் திட்டத்தில் இருந்த எலியட் போகரின் பங்கு உண்டு. 1999இல் 2.0, 2001இல் 3.0, 2007 டிசம்பரில் ஐபிவி6 ஆதரவோடு 4.0 என்று பதிப்புகள் வந்தன.

கேட்காமல் செய்த முதல் வேலை இந்தத் தொடக்கக் காலத்திலேயே வந்துவிட்டது. முகவரியே இல்லாத கணினிக்கு எப்படிப் பதில் அனுப்புவது? சாதாரண சாக்கெட்டில் (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் வாசல்) எழுதினால், இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்த முகவரிக்கு உரியவர் யார் என்று ஏஆர்பி மூலம் நெட்வொர்க்கில் கேட்கும். அந்த முகவரியை இனிமேல்தான் பெறப்போகும் கணினியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் ஐஎஸ்சி சர்வர் கர்னலின் ஐபி அடுக்கை விட்டுவிட்டு ஈதர்நெட் ஃபிரேமைத் தானே கட்டி அனுப்பியது. பிஎஸ்டியில் பிபிஎஃப் வழியாக, லினக்ஸில் பாக்கெட் சாக்கெட் வழியாக. இதன் பக்க விளைவு: ஃபயர்வாலில் டிஎச்சிபி சர்வருக்கான 67ஆம் போர்ட்டை அடைத்தாலும் சர்வர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஃபயர்வால் விதிகள் ஐபி அடுக்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தெரியாதவர்களுக்கு இது விளங்காத மர்மம். கீயாவும் இதே வழியைத்தான் இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

லீஸ் கோப்பு

ஐஎஸ்சி சர்வரின் உயிர் ஒரே ஒரு உரைக் கோப்பில் இருந்தது. யாருக்கு எந்த முகவரி, எப்போது தொடங்கியது, எப்போது முடியும், இப்போது என்ன நிலை என்று ஒவ்வொரு லீஸும் அதில் ஒரு பத்தி. திறந்து பார்த்தால் கண்ணால் படிக்கலாம். நேரத்துக்கு முன்னால் கிழமை எண் இருக்கும். ஞாயிறு 0, புதன் 3. நேரம் யூடிசியில் இருக்கும் என்பதால் நாம் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும். லீஸ் புதுப்பிக்கப்படும்போது பழைய பத்தி அழியாது. புதிய பத்தி கோப்பின் அடியில் சேரும். ஒரே முகவரிக்கு இருபது பத்திகள் இருந்தால் கடைசிப் பத்திதான் செல்லும்.

லாட்ஜ் வரவேற்பில் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்பார்களே, அந்த ஒழுங்குதான் இங்கேயும். கிளையன்டுக்கு 'ஆக்' (ஒப்புதல் செய்தி) அனுப்புவதற்கு முன் அந்த லீஸ் அழியாத இடத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது டிஎச்சிபி. அதை ஐஎஸ்சி சர்வர் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு லீஸையும் எழுதி, எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் இறக்கு என்ற கட்டளை) கொடுத்து, டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே பதில் அனுப்பியது.

இதற்கு ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் நொடிக்கு 120 முறைதான் சுற்றும். ஒவ்வொரு லீஸுக்கும் ஒரு எஃப்சிங்க் என்றால் நொடிக்கு நூற்றுச் சொச்சம் லீஸ்தான் என்ற உச்சவரம்பு தானாகவே வந்துவிடுகிறது. சாதாரண நாளில் இது தெரியாது. மின்சாரம் போய் வந்து, ஒரு பகுதி முழுக்க எல்லா மோடமும் ஒரே நேரத்தில் முகவரி கேட்கும்போது வரிசை நீளும். பதில் வராத கிளையன்ட் மறுபடி கேட்கும். அந்த மறு கேள்விகளும் அதே வரிசையில் வந்து நிற்கும். பல லீஸ்களைச் சேர்த்து ஒரே எஃப்சிங்க்கில் எழுதும் வசதி பின்னால் வந்தது. எஸ்எஸ்டி வந்து பாதிப் பிரச்சினையைக் குறைத்தது.

கோப்பு அடியில் வளர்ந்துகொண்டே போனால் என்ன செய்வது? சர்வர் அவ்வப்போது நடப்பு லீஸ்களை மட்டும் புதிய கோப்பில் எழுதி, பழையதன் பெயரை மாற்றி, புதியதை அந்த இடத்தில் வைக்கும். அந்த இரண்டு பெயர் மாற்றங்களுக்கு நடுவே இயந்திரம் விழுந்தால் லீஸ் கோப்பே இல்லாமல் போகும். இந்த ஒரு நொடியை யோசித்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். கோப்பு இல்லையென்றால் சர்வர் கிளம்பவே மறுக்கும். புதிதாக நிறுவுகிறவர் வெறுங்கோப்பு ஒன்றைக் கையால் உருவாக்கித் தரவேண்டும். ஓடிக்கொண்டிருந்த சர்வரில் கோப்பு காணாமல் போனால், வெறுங்கோப்பு வைத்துக் கிளப்பிவிடாதீர்கள், பெயர் மாறிய பழைய கோப்பைத் தேடி எடுத்து வையுங்கள் என்று மேனுவல் பக்கம் கண்டிப்பாகவே எச்சரிக்கிறது. முதல்முறை நிறுவுகிறவருக்கு இது எரிச்சல்தான். ஆனால் வெறும் பதிவேட்டோடு கிளம்பும் சர்வர், ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் முகவரியை இன்னொருவருக்கும் தூக்கிக் கொடுக்கும். அதோடு ஒப்பிட்டால் அந்த எரிச்சல் எவ்வளவோ மேல்.

இரண்டு சர்வர்கள்

ஒரு சர்வர் விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் ஃபெயில்ஓவர் 3.0 பதிப்பில் வந்தது; அதுதான் இந்த மென்பொருளின் மிகச் சிக்கலான பாகம். மிக அழகான பாகமும் அதுதான் என்பேன்.

இரண்டு சர்வர்கள் ஒரே முகவரித் தொகுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு லீஸுக்கும் ஒன்று மற்றொன்றின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் வேகம் போய்விடும். காத்திருக்காமல் கொடுத்தால், கொடுத்த கையோடு அந்த சர்வர் விழும்போது மற்றதற்கு அந்த லீஸ் பற்றித் தெரியாது. இதற்கு வைத்த தீர்வின் பெயர் எம்சிஎல்டி: இணை சர்வருக்குத் தெரிந்த முடிவு நேரத்தைத் தாண்டி எவ்வளவு கூடுதலாக ஒரு கிளையன்டுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்ற உச்ச அளவு. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் 3600 நொடி என்றிருக்கும்.

நடைமுறையில் இது இப்படித் தெரியும். கான்ஃபிக்கில் (சர்வரின் அமைப்புக் கோப்பில்) லீஸ் ஒரு நாள் என்று இருக்கிறது. புதிதாக வரும் கணினிக்கு முதலில் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். பின்னணியில் சர்வர், இவருக்கு ஒரு நாள் தரப்போகிறேன் என்று இணைக்குச் சொல்லிவிடுகிறது. அரை மணியில் அந்தக் கணினி புதுப்பிக்க வரும்போது, இணைக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்பதால் முழு நாளும் கிடைக்கிறது. ஒரு சர்வர் செத்தால், மற்றது எம்சிஎல்டி அளவு காத்திருந்துவிட்டு அதன் முகவரிகளை எடுத்துக்கொள்ளலாம். தனக்குத் தெரியாத எந்த லீஸும் அதற்குமேல் உயிரோடு இருக்க முடியாது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. இணை சர்வர் செத்துவிட்டதா, நடுவில் கேபிள்தான் அறுந்ததா என்று சர்வரால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தொடர்பு அறுந்ததும், தன் பங்கில் உள்ள காலி முகவரிகளை மட்டும் வைத்து இரண்டும் தனித்தனியாக ஓடும். இணை செத்தது உறுதி என்று மனிதர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், ஒரு நாள் தன் பங்கு தீர்ந்து, காலி லீஸ் எல்லாம் இணையிடம் இருக்கின்றன என்ற வரி லாகில் வரிசையாக விழத் தொடங்கும். ஐஎஸ்சி சர்வரை ஜோடியாக ஓட்டிய எவருக்கும் அந்த வரி மறக்காது.

இந்த ஃபெயில்ஓவர் ஐபிவி4க்கு ஒருபோதும் தரநிலை ஆகவில்லை. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பில் வரைவாக இருந்து 12ஆவது பதிப்போடு 2003இல் காலாவதியானது. ஐபிவி6க்கான வடிவம் மட்டும் 2017இல் ஆர்எஃப்சி 8156 ஆனது. ஆக, உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான வரைவின் ஒரு செயலாக்கம். அதன் உண்மையான விளக்கம் ஐஎஸ்சியின் சி கோடு மட்டும்தான். இதைத் தொட்டுத் திருத்த எவருக்கும் தைரியம் வராதது இயல்பே.

கிளையன்டின் ஓட்டைகள்

சர்வரைவிட அதிகக் கணினிகளில் இருந்தது டிஎச்கிளையன்ட் என்ற கிளையன்ட் நிரல். அங்கேதான் மோசமான ஓட்டைகளும் வந்தன. 2009இல் சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) விவகாரம். சர்வர் அனுப்பும் மாஸ்க்கின் நீளத்தைச் சரிபார்க்காமல் நிலையான அளவுள்ள இடத்தில் நகலெடுத்ததால், போலி சர்வர் ஒன்று நீளமான மாஸ்க்கை அனுப்பி ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தோடு எதையும் ஓட்டவைக்கலாம். 2011இல் ஹோஸ்ட்நேம். சர்வர் அனுப்பிய பெயரில் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) குறிகள் இருந்தாலும் கிளையன்ட் அவற்றை நீக்காமல் ஸ்கிரிப்ட்டுக்குக் கடத்தியது. 2014இல் ஷெல்ஷாக். அது பாஷ் என்ற ஷெல்லின் ஓட்டை. ஆனால் டிஎச்சிபி விருப்பங்களைச் சூழல் மாறிகளாக ஷெல்லுக்குக் கடத்தும் பழக்கத்தால் டிஎச்கிளையன்ட் அதற்கு நல்ல வாசலாக அமைந்தது.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒரு சர்வர் சொன்னதை, ரூட்டாக ஓடும் நிரல் நம்பி எடுத்துக்கொண்டு ரூட்டாக ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குக் கடத்தியது. ஓபன்பிஎஸ்டி குழு இதை முன்பே உணர்ந்து, ஐஎஸ்சி கிளையன்டைப் பிரித்தெடுத்து அதிகாரப் பிரிப்போடு (ரூட் அதிகாரம் தேவைப்படும் பகுதியைத் தனியாக ஒதுக்கி) எழுதிக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி 2005இல் அதை எடுத்துக்கொண்டது. மூலத் திட்டத்தில் அந்த மாற்றம் நடக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் சர்வர், கிளையன்ட், ரிலே (வேறு நெட்வொர்க்கில் உள்ள சர்வருக்குக் கேள்விகளைக் கடத்தும் நிரல்) மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்போது அடிப்படை வடிவத்தை மாற்ற நேரம் எங்கே? வந்த ஓட்டையை அடைப்பதிலேயே நாள் போய்விடும்.

ஏன் திருத்தவில்லை, ஏன் புதிதாக எழுதினார்கள்

ஒட்டுகளின் சுமையை உபுண்டு 20.04இல் வந்த பிரச்சினை நன்றாகக் காட்டுகிறது. 4.2 பதிப்பிலிருந்து ஐஎஸ்சி டிஎச்சிபி, டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் முறை) புதுப்பிப்புக்கும் உள்வேலைகளுக்கும் ஐஎஸ்சியின் டிஎன்எஸ் மென்பொருளான பைண்டின் நூலகங்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. டிஎச்சிபி சர்வரோ ஒற்றை இழையில் (ஒரு நேரத்தில் ஒரே வேலை) ஓடும் நிரல். பல இழைகளோடு கட்டப்பட்ட பைண்ட் நூலகத்தோடு அது இணைக்கப்பட்டபோது, ஃபெயில்ஓவர் ஜோடியாக ஓடிய சர்வர்கள் சில மணி நேரத்தில் விழுந்தன. டிஎச்சிபி கோடில் எவரும் எதையும் மாற்றவில்லை. கீழேயிருந்த நூலகம் கட்டப்பட்ட விதம் மாறியது, அவ்வளவுதான். 4.4 தொடர் தன்னோடு சுமந்துவந்த பைண்ட் 9.11உம் தன் ஆயுளின் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. டிஎச்சிபியைக் காப்பாற்ற வேண்டுமானால், ஐஎஸ்சியே கைவிட்ட பைண்ட் கிளையையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு பக்கம் பெரிய நெட்வொர்க்குகளின் தேவை. ஐஎஸ்சி சர்வரில் கான்ஃபிக் மாறினால் ரீஸ்டார்ட்தான் வழி. சில வகை மாற்றங்களை மட்டும் ஓமாபி என்ற இடைமுகம் வழியாக ஓடும்போதே செய்யலாம். நாள் முழுக்கக் கணினிகள் சேர்ந்துகொண்டும் விலகிக்கொண்டும் இருக்கும் டேட்டா சென்டரில் இது தாங்காது. ஃபேஸ்புக் 2015இலேயே கீயாவுக்கு மாறியதற்கு இது முக்கியக் காரணம். கான்ஃபிக் கோப்புகளை உற்பத்தி செய்து தள்ளுவதை விட்டு, கீயாவின் ஹூக் (வெளியிலிருந்து சேர்க்கும் செருகு நிரல்) வழியாகத் தன் சொந்தத் தரவிலிருந்தே பதிலைக் கொடுக்கவைத்தது.

கீயா பிறந்தது வேறொரு திட்டத்துக்குள். 2009இல் ஐஎஸ்சி பைண்ட் 10 என்ற பெரிய மறு எழுத்தைத் தொடங்கியது. சி++உம் பைத்தானும் கலந்து, டிஎன்எஸ், டிஎச்சிபி இரண்டும் ஒரே கூரையின்கீழ். 2014இல் அதை ஐஎஸ்சி நிறுத்தியது. டிஎச்சிபி பாகம் மட்டும் பைத்தான் சட்டகத்தைக் கழற்றிப்போட்டுத் தனியாக வெளியே வந்தது. நியூசிலாந்தின் மலைக்கிளி ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் முன்னணி வடிவமைப்பாளர்களில் ஒருவரான தோமெக் ம்ருகால்ஸ்கி, டிப்ளர் என்ற ஐபிவி6 டிஎச்சிபி மென்பொருளை முன்பே எழுதியவர். 2015 டிசம்பரில் கீயா 1.0 வந்தது. ஜேசன் என்ற உரை வடிவில் கான்ஃபிக், ஐபிவி4க்கும் ஐபிவி6க்கும் தனித்தனி நிரல்கள், விரும்பினால் லீஸ்கள் மைஎஸ்க்யூஎல்லிலோ போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லிலோ, ஓடும்போதே மாற்ற ஏபிஐ. மையம் சின்னதாக இருக்கட்டும், வேண்டியதை ஹூக்காகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் அணுகுமுறை.

ஐஎஸ்சி இலாப நோக்கமற்ற நிறுவனம். ஆதரவு ஒப்பந்தங்களில் வரும் பணத்தில்தான் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம். கீயாவின் ஹூக்குகள் பலவற்றைக் காசுக்கு விற்றார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை; பராமரிக்கிறவர்கள் சாப்பிட வேண்டும். ஆனால் பழைய சர்வரில் இலவசமாக இருந்த ஒன்று புதியதில் விலைக்கு என்றால், சின்ன இடங்கள் நகராமல் அப்படியே நிற்கும். 2025 ஜூனில் வந்த 3.0இல் அந்த ஹூக்குகளில் பெரும்பாலானவற்றைத் திறந்த மூலமாக்கினார்கள். நீண்ட கால ஆதரவு கொண்ட முதல் பதிப்பும் அதுவே. இந்த இரண்டும் 2022இலேயே நடந்திருந்தால் மாற்றம் இன்னும் வேகமாக நடந்திருக்கும்.

அறிவிப்புக்குப் பிறகு

கிளையன்டையும் ரிலேயையும் முதலில் நிறுத்தினார்கள். 2022 தொடக்கத்தில் வந்த 4.4.3தான் அவை இரண்டுக்கும் வந்த கடைசிப் பராமரிப்புப் பதிப்பு. கீயா வெறும் சர்வர். கிளையன்டும் இல்லை, ரிலேயும் இல்லை. கிளையன்ட் விஷயத்தில் உலகம் சமாளித்துக்கொண்டது. லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜருக்கும் சிஸ்டம்டிக்கும் சொந்தக் கிளையன்ட்கள் உண்டு, ஓபன்பிஎஸ்டி தனக்கென்று ஒன்றைப் புதிதாக எழுதியிருந்தது, டெபியன் 13 டிஎச்சிபிசிடி என்ற கிளையன்டுக்கு மாறியது. ரிலே விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ரூட்டரோ சுவிட்சோ அந்த வேலையைச் செய்யும் இடங்களில் கவலையில்லை. லினக்ஸ் பெட்டியே ரூட்டராக இருந்து அதில் ஐஎஸ்சி ரிலே ஓடிய இடங்களில், வேறு எங்கிருந்து எடுப்பது என்று ஒவ்வொருவரும் தனியாகத் தேட வேண்டியிருந்தது. ஐஎஸ்சி சொல்லிவிட்டுத்தான் நிறுத்தியது. ஆனால் கையில் ஒரு மாற்று கொடுக்காமல் நிறுத்தியது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்களோடு உடன்பாடில்லை.

பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் 2023 நவம்பரில் 2.7.1 பதிப்பில் கீயாவைத் தேர்வாகக் கொடுத்து, பழையது ஆயுள் முடிந்தது என்ற எச்சரிக்கையையும் காட்டியது. எச்சரிக்கையைப் பார்த்து உடனே மாறியவர்களுக்கு அதிர்ச்சி. லீஸ் வாங்கிய கணினியின் பெயர் உள்ளூர் டிஎன்எஸ்ஸில் தானாக ஏறும் வசதி அந்த முதல் இணைப்பில் இல்லை. பிரிண்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பழையபடி எண்ணைத் தேட வேண்டியதாயிற்று. பலர் ஐஎஸ்சிக்கே திரும்பிப் போனார்கள்.

கான்ஃபிக்கை மாற்றித்தர கீயாமா என்ற கருவியை ஐஎஸ்சி கொடுத்தது. பழைய கோப்பைப் படித்து ஜேசனாக மாற்றும். மாற்ற முடியாத இடங்களில், இது கீயாவில் இல்லை என்று குறிப்பு எழுதி, அந்தத் தேவைக்கான பிரச்சினை எண்ணையும் போட்டுவிடும். நேர்மையான கருவி. ஆனால் ஐஎஸ்சி கான்ஃபிக் ஒரு சின்ன நிரல் மொழியாகவே வளர்ந்திருந்தது. நிபந்தனைகள், மாறிகள், லீஸ் கொடுக்கும் நேரத்தில் வெளி நிரலை ஓட்டுவது எல்லாம் அதில் உண்டு. நீண்ட காலம் பலர் கைபட்ட கோப்பில் குறிப்புகள் குவியும். அங்கே வேறு வழியில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று ஆள் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

கருவியால் காட்டவே முடியாத ஒன்றும் உண்டு: கான்ஃபிக்கில் எழுதப்படாத இயல்புகள். ஐஎஸ்சி சர்வர் காலி முகவரி ஒன்றைப் புதியவருக்கு நீட்டுவதற்கு முன், அந்த முகவரிக்கு ஒரு பிங் அனுப்பி ஒரு நொடி காத்திருக்கும். பதில் வந்தால் யாரோ கையால் அந்த முகவரியைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைத் தரும். இது இயல்பாகவே இயங்கும் என்பதால் யாரும் கான்ஃபிக்கில் எழுதுவதில்லை. எழுதாததைக் கீயாமா எப்படி மொழிபெயர்க்கும்? கீயாவில் பல ஆண்டுகள் இந்த வசதி கிடையாது. பின்னர் தனி ஹூக்காக வந்தது, காசுக்கு. 3.0இல் திறந்துவிடப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. இப்போதும் அதை நாமே ஏற்றினால்தான் ஓடும்.

இனி மாறப்போகிறவர்கள் முதலில் அந்த ஹூக்கை ஏற்றட்டும். அப்புறம் மாற்றும் நாளுக்கு முன்பே பழைய சர்வரில் லீஸ் காலத்தைக் குறைத்துவிடுங்கள். ஒரு நாளாக இருந்ததை ஒரு மணியாக்கினால், முதலில் கொடுத்த நீண்ட லீஸ்கள் எல்லாம் ஒரு நாளுக்குள் தீர்ந்து, எல்லாக் கணினிகளும் அரை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்க வரத் தொடங்கும். அந்த நிலையில் சர்வரை மாற்றினால், ஏதாவது பிசகினாலும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். ஃபெயில்ஓவர் ஜோடியாக இருந்தால் பழைய சர்வர் ஒன்று, கீயா ஒன்று என்று கலந்து ஓட்ட வழியில்லை; கீயாவின் ஹெச்ஏ (அதன் ஜோடி சர்வர் வசதி) ஜேசன் கட்டளைகளில் பேசுகிறது, எம்சிஎல்டி என்ற கணக்கே அதில் இல்லை. இரண்டையும் ஒரே இரவில்தான் மாற்ற வேண்டும்.